இடம்பெயரும் அணிகளும் ஊரின் உரிமையும்

விளையாட்டு அணியொன்று ஓர் ஊரின் பெயரைத் தாங்கி நிற்குமாயின், அவ்வூரார் அதனைத் தமதென்றே கொள்வர். ஆனால் தொழில்முறை அணிகளின் சட்ட உரிமை பெரும்பாலும் முதலாளிகளின் கையிலேயே உள்ளது. இவ்விரு உரிமைகளும் மோதுமிடமே அணிகளின் இடப்பெயர்வு எனலாம்.

இம்மோதலை உலகறியச் செய்தது ஐக்கிய அமெரிக்கா. 1984 மார்ச் 28ஆந் திகதி இரவு, பால்டிமோர் கோல்ட்ஸ் என்னும் அமெரிக்க உதைபந்தாட்ட அணியின் உடைமைகள் லொறிகளில் ஏற்றப்பட்டு இண்டியானாபோலிஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அணியை அரசு கையேற்பதற்கான சட்டத்தை மேரிலாந்து மாநிலம் இயற்ற முனைந்தமையே அவ்வவசரத்திற்குக் காரணம். அணி போயிற்று, அதன் வாத்தியக் குழுவோ பால்டிமோரிலேயே நிலைத்தது. 1996இல் கிளீவ்லாந்து அணி பால்டிமோருக்குப் பெயர்ந்தபோது, பிரவுண்ஸ் என்னும் பெயரையும் நிறங்களையும் ஆட்டப் பதிவுகளையும் கிளீவ்லாந்து நகரம் விட்டுக்கொடுக்கவில்லை. 1999இல் அப்பெயரிலேயே அங்கு மீண்டும் ஓர் அணி களமிறங்கிற்று.

இந்திய அனுபவம் வேறுவகையானது. 2014இல் தொடங்கிய இந்தியன் சுப்பர் லீக் உதைபந்தாட்டத் தொடரில் முதலாண்டு முதலே ஆடிய டெல்லி டைனமோஸ், 2019இல் புவனேசுவரத்துக்குப் பெயர்ந்து ஒடிசா அணியாயிற்று. அதே ஆண்டில் நிதி நெருக்கடியால் புனே சிற்றி கழகம் கலைய, அதன் இடத்தை ஹைதராபாத் பெற்றது. கலிங்க விளையாட்டரங்கு திருத்தப்பட்டு வந்தமையால் ஒடிசா அணி தன் முதற் ‘சொந்த ஊர்’ ஆட்டங்களை, அணியை இழந்த அப்புனேயிலேயே ஆட நேர்ந்தது. 2022இல் ஹைதராபாத் கிண்ணம் வென்றது; நோய்ப்பரவலால் அப்பருவ ஆட்டங்கள் யாவும் கோவாவில் நடைபெற்றமையால், வெற்றியை அதன் ஊரார் தம் மைதானத்திற் காணவில்லை. 2025இல் அவ்வணியும் டெல்லிக்குப் பெயர்ந்து வேறு பெயர் பூண்டது. டெல்லிக்கு ஓர் அணி மீண்டும் கிடைத்தது; டைனமோஸ் மீளவில்லை.

இவை நமக்குத் தொலைவிலுள்ள செய்திகளல்ல. லங்கா பிரீமியர் லீக்கில் கண்டியின் அணி 2020இல் டஸ்கர்ஸ், 2021இல் வாரியர்ஸ், 2022இல் பல்கன்ஸ், 2023இல் பி-லவ் கண்டி, 2024இல் மீண்டும் பல்கன்ஸ் எனப் பெயர் மாறியது. முதலாண்டு ஆட்டங்கள் அனைத்தும் அம்பாந்தோட்டையில் நடைபெற்றன. அலவத்துகொட முதல் கம்பளை வரையுள்ள இரசிகர், தம் ஊர்ப் பெயரைத் தொலைக்காட்சியிலேயே கண்டனர். மறுபுறம், 1874இல் தோன்றிய கண்டி விளையாட்டுக் கழகம் அதே பெயருடன் நித்தவெலையில் ரக்பி ஆடி வருகின்றது. முதலாளியின் சொத்தாக அன்றி, உறுப்பினர்களின் கழகமாக அது வளர்ந்தமை நோக்கற்பாலது.

முதலீடின்றித் தொழில்முறை ஆட்டம் நடவாது என்பது உண்மையே. எனினும், பெயரும் நிறமும் பதிவும் ஊருக்கே உரியன என்று ஒப்பந்தத்தில் எழுதுதல் அரிதன்று. கிளீவ்லாந்து அதனைச் செய்துகாட்டியுள்ளது. முதலாளி மாறலாம், வீரரும் மாறலாம். ஓர் ஊர் தன் வெற்றி தோல்விகளை நினைவிற் பேணும் உரிமை விலைப்பொருளாகலாகாது.