எங்கள் வீட்டுக் கிணற்றடியும் மூன்று அடுக்கு வரலாறும்

போன தடவை பங்குச்சந்தையைப் பற்றி எழுதிக் கழுத்தறுத்துவிட்டேன் என்று வகுப்பில் ஒரு கூட்டமே புகார் சொன்னது. அதனால் இந்த முறை வீட்டுக் கதை. ஆனால் இதிலும் கொஞ்சம் கணக்கு வரும். பி.காம் படிக்கிறவனிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? :-)

பணக்கார வீடுகளில் நீச்சல் குளம் இருக்கும், அதைச் சுற்றி அழகாகத் தளம் போட்டிருப்பார்கள். திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு கிணறு, பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டையும் சுற்றி 16 அடிக்கு 12 அடி சிமெண்ட் தளம். சின்ன வயதில் நானும் தம்பியும் "நீச்சல்" பழகியது அந்தத் தொட்டியில்தான். பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, தீபத் திருவிழாவுக்கு வரும் சொந்தக்காரர்கள் வரிசையாகக் குளிப்பது எல்லாமே அந்தத் தளத்தில்தான்.

அந்தத் தளம் தேய்ந்து போய் ரொம்ப நாளாகிறது. மேல்பூச்சு போய் ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அங்கங்கே பள்ளம், பள்ளத்தில் தண்ணீர், தண்ணீர் நின்ற இடத்தில் பாசி. போன ஐப்பசி மழையில் எங்கள் ஆயா அங்கே வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு தப்பியது, மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

மறுநாளே வீட்டில் சண்டை ஆரம்பம். அப்பா, "மேலேயே டைல்ஸ் ஒட்டிடலாம், ரெண்டு நாள் வேலை" என்றார். ஆயா, "அது உங்க தாத்தா கையால போட்ட தளம், யாரும் கை வைக்கக் கூடாது" என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஆயா, அக்கவுண்ட்ஸ்படி பார்த்தா இதோட ஆயுள் முடிஞ்சு போச்சு. ஸ்கிராப் மதிப்பு பூஜ்யம்" என்று சொல்லித் தொலைத்தேன். இரண்டு நாள் என்னோடு அவர் பேசவில்லை.

கடைசியில் மேஸ்திரி வந்து கடப்பாரையின் பின்பக்கத்தால் தளத்தை அங்கங்கே தட்டினார். சில இடத்தில் "டக்" என்றது, பல இடத்தில் "தொம்" என்றது. "தம்பி, கீழ மண்ணே இல்ல. தண்ணி அரிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. இதுமேல டைல்ஸ் ஒட்டினா அடுத்த மழைக்கு டைல்ஸும் சேர்ந்து இறங்கும்" என்றார். உடைப்பது என்று முடிவானது. ஆயாவும் ஒன்றும் சொல்லவில்லை.

தை மாதம் உடைத்தபோதுதான் எனக்கு இந்தக் கட்டுரை கிடைத்தது. மேலே சிமெண்ட், அதற்குக் கீழே கிணற்றை ஒட்டிய பகுதியில் பழைய சுண்ணாம்புக் காரை, கிணற்று வாயைச் சுற்றி அதற்கும் முந்தைய கருங்கல் பலகைகள். ஒரே இடத்தில் மூன்று காலம்! வரலாறு என்பதால் கீழிருந்து மேலே போவோம்.

முதல் அடுக்கு: கல்

திருவண்ணாமலைக்காரனுக்குக் கல்லைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஊரே மலையடிவாரம். அண்ணாமலையார் கோயிலுக்குள் போனால் ஆயிரங்கால் மண்டபத்துக்கு அருகில் சிவகங்கைத் தீர்த்தம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் செய்த திருப்பணி அது. 217 அடி ராஜகோபுரத்தைத் தொடங்கியவரும் அவர்தான், முடித்தவர் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர். கோபுரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் இந்தத் தடவை குனிந்து குளத்துப் படிகளைப் பார்த்தேன்.

கல் தளத்தின் ரகசியம் கல்லின் பலம் மட்டுமல்ல. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடுக்கு இருக்கிறது. மழைத் தண்ணீர் அதில் இறங்கி மண்ணுக்குப் போய்விடும், அடியில் தேங்கி நின்று அழுத்தாது. வெயிலில் கல் விரிந்தாலும் அதற்கு இடம் உண்டு. ஒரு கல் இறங்கினால் அந்த ஒன்றை மட்டும் நெம்பி எடுத்து, மண் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து, திரும்ப வைத்துவிடலாம்.

தண்ணீரைத் தடுத்தால் போதாது, அது போக வழியும் விட வேண்டும் என்பது மிகப் பழைய பாடம். மொகஞ்சதாரோவில் 1925-26 அகழாய்வில் வெளிப்பட்ட பெருங்குளியல் குளம் சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். செங்கல்லை ஜிப்சம் சாந்தில் நெருக்கி அடுக்கி, பின்னால் தார் போன்ற நிலக்கீல் பூசித் தண்ணீர் கசியாமல் செய்திருக்கிறார்கள். அதோடு விடவில்லை, ஒரு மூலையில் வெளியேற வடிகாலும் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்திலேயே ஸ்ரீரங்கம் கோயில் திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அந்தத் திருப்பணியில் பாராட்டப்பட்டவற்றுள் பழைய மழைநீர் வடிகால் அமைப்பை மீட்டெடுத்ததும் ஒன்று.

இரண்டாம் அடுக்கு: காரை

எங்கள் கிணற்றைச் சுற்றி இருந்த காரையை உடைக்கத்தான் கூலியாட்கள் அதிகம் வியர்த்தார்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்ப்பார்கள் என்று மேஸ்திரி சொன்னார். அவருடைய தாத்தா காலத்து வேலையாம்.

வெறும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக உறிஞ்சி இறுகும். அதனால் தண்ணீருக்குள் அது சரியாக இறுகாது. ஆனால் சுட்ட செங்கல்லைத் தூளாக்கிச் சேர்த்தால் கதை மாறுகிறது. ஈரத்திலும் இறுகும். இதைத்தான் சுர்க்கி என்பார்கள். ரோமானியர்கள் செங்கல் தூளுக்குப் பதில் எரிமலைச் சாம்பலைப் பயன்படுத்தினார்கள். அவர்கள் 2ஆம் நூற்றாண்டில் கட்டிய பாந்தியன் கோயிலின் கான்கிரீட் கூரை ஒரு கம்பிகூட இல்லாமல் இன்றும் நிற்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கலவையில்தான் எழுந்தது.

இதைப் படித்துவிட்டு "அந்தக் காலத்தில் எல்லாமே நல்லது" என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தக் காலத்திலும் மோசமான தளம் போட்டிருப்பார்கள், அதெல்லாம் என்றோ இடிந்து மண்ணாகிவிட்டது. நல்லது மட்டும் மிஞ்சி நம் கண்ணில் படுகிறது. காரைக்கு நிறைய ஆள் வேண்டும், நிறைய நாள் வேண்டும். சிமெண்ட் ஜெயித்ததற்கு முக்கியக் காரணம் வேகம்.

மூன்றாம் அடுக்கு: சிமெண்ட்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 1824இல் ஒரு காப்புரிமை வாங்கினார். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு அரைத்த பொடி. அது இறுகியதும் போர்ட்லண்ட் என்ற இடத்துக் கட்டடக் கல் மாதிரி இருந்ததால் போர்ட்லண்ட் சிமெண்ட் என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் மூட்டையில் அந்தப் பெயர் இருக்கிறது.

இந்தியாவில் முதல் சிமெண்ட் முயற்சி நம் சென்னையில்தான் நடந்தது, 1904இல், கடல் கிளிஞ்சலை மூலப்பொருளாக வைத்து. அது நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் தொடங்கிய ஆலைதான் நிலைத்தது. பிறகு தமிழ்நாட்டில் மதுக்கரை (1934), டால்மியாபுரம் (1939), தாழையூத்து (1949) என்று ஆலைகள் வந்தன. டால்மியாபுரம் என்றதும் 1953இல் நடந்த கள்ளக்குடி பெயர்மாற்றப் போராட்டம் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

நமக்கு வேண்டியது வேறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிமெண்டுக்கு அரசுக் கட்டுப்பாடு வந்தது. நடுவில் சிறிது தளர்ந்தாலும் பல பத்தாண்டுகள் விலையும் ஒதுக்கீடும் அரசின் கையில் இருந்தன. வீடு கட்ட வேண்டுமென்றால் பெர்மிட் வாங்க வேண்டும். விலையைக் குறைவாகக் கட்டிப்போட்டால் புதிய ஆலை கட்ட யாரும் முன்வர மாட்டார்கள், தட்டுப்பாடு வரும், கள்ளச்சந்தை வரும். முதலாமாண்டு பொருளாதாரப் புத்தகத்தில் இருக்கிற அதே படம்தான். மகாராஷ்டிர முதலமைச்சராக இருந்த ஏ.ஆர்.அந்துலே, சிமெண்ட் ஒதுக்கீடு தொடர்பான வழக்கையடுத்து 1982 ஜனவரியில் பதவி விலகினார் என்றால் அன்று சிமெண்ட் எப்பேர்ப்பட்ட சரக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்! அதே 1982இல் கட்டுப்பாடு பாதி நீங்கியது, 1989இல் முழுதும் நீங்கியது. இன்று உலகிலேயே சீனாவுக்கு அடுத்து அதிக சிமெண்ட் தயாரிக்கும் நாடு இந்தியா.

சரி, தாத்தாவுக்கு வருவோம்.

தளத்தை உடைத்த அன்று சாயங்காலம் ஆயா தன் இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு கணக்கு நோட்டை என்னிடம் கொடுத்தார். "அக்கவுண்ட்ஸ் படிக்கிறியே, இதைப் படி" என்றார். 1976ஆம் வருடத்துப் பக்கம். தாத்தாவின் குண்டு குண்டான கையெழுத்து. "பெர்மிட் சிமெண்ட் 10 மூட்டை. அடுக்களை, முன்கட்டு 7. கிணற்றடி 3." அந்தப் பத்து மூட்டைக்காக நாலு மாதம் ஆபீசுக்கு நடந்தாராம். கள்ளச்சந்தையில் வாங்க அவரிடம் காசு இல்லை.

நான் கால்குலேட்டரை எடுத்தேன். உடைந்த ஓரத்தில் அளந்தால் தளத்தின் கனம் ஒன்றரை அங்குலம்தான். 16க்கு 12 அடி என்றால் மொத்தம் 24 கன அடி. அதில் மூன்று மூட்டை என்றால், ஏறக்குறைய ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல், ஆறு பங்கு ஜல்லி. இன்று நல்ல தளத்துக்கு அடியில் படுக்கையாகப் போடுகிற கலவை அது. அதையே மேல்தளமாக வைத்து ஏறத்தாழ ஐம்பது வருடம் ஓட்டியிருக்கிறார்! நான் பூஜ்யம் என்று சொன்னது அதைத்தான். கையிருப்பில் இருந்ததை ஒரு கைப்பிடிகூட வீணாக்காமல் பரப்பியிருக்கிறார் என்பது அன்றுதான் புரிந்தது. ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "கணக்கு சரியா வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

நான்காம் அடுக்கு

புதுத் தளத்துக்கு வரலாறு சொன்ன பாடங்களை மேஸ்திரியிடம் சொன்னேன். அவருக்கு எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. :-) இதே வேலை செய்யப்போகிறவர்களுக்காகச் சுருக்கமாக:

முதலில் அடிமண். பள்ளங்களில் மண் நிரப்பி, தண்ணீர் விட்டு, நன்றாக இடித்தார்கள். உடைத்த பழைய தளத்தையே சிறு துண்டுகளாக்கி அதன்மேல் பரப்பினார்கள்.

இரண்டாவது கனமும் கலவையும். நான்கு அங்குலக் கனம், 1:1½:3 கலவை. அதற்குப் பதினைந்து மூட்டை ஆனது. தாத்தாவுக்கு மூன்று, எங்களுக்குப் பதினைந்து. போன் செய்த மறுநாள் காலையில் வாசலில் வந்து இறங்கியது.

மூன்றாவது வாட்டம். அடிக்குக் கால் அங்குலம் சரிவு, கிணற்றிலிருந்து விலகி வாழைக்கன்றுகள் பக்கம்.

நான்காவது இடைவெளி. கான்கிரீட் இறுகும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். வெடிப்பு எங்கே வர வேண்டும் என்று நாமே கோடு கிழித்துக் காட்டிவிடலாம். எட்டடிக்கு ஒரு கோடு விட்டோம். கிணற்று வாயிலிருந்த கருங்கல் பலகைகளை எடுக்கவில்லை, அவற்றுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடுக்கு.

கடைசியாக, வழவழப்பு கிடையாது. ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் கோடு இழுத்துச் சொரசொரப்பாக்கினார்கள். பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் நிறுத்தினோம். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. தண்ணீர் விடச் சோம்பல்பட்டால் மேல்பரப்பு சீக்கிரமே மாவாக உதிரும். அந்தப் பத்து நாளும் காலை மாலை தண்ணீர் விட்டது அடியேன்.

தாத்தாவின் தளம் இப்போது புதுத் தளத்துக்கு அடியில் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. சொத்துப் பட்டியலில் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் பேராசிரியரிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

ஆயாவுக்குக் கை சரியாகிவிட்டது. புதுத் தளத்தில் நாலு நடை நடந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா குதிகால் எரியுது. உங்க தாத்தா போட்டது எவ்வளவு வழவழன்னு இருக்கும் தெரியுமா?" என்றார்.

நண்பர்களே, உங்கள் வீட்டுக் கிணற்றடியையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். "தொம்" என்று கேட்டால் டைல்ஸ் கடைக்குப் போகாதீர்கள், நல்ல மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். அப்படியே வீட்டில் பழைய கணக்கு நோட்டு ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.