கைக்கு எட்டிய பிரிண்டர்

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஒரு பழமொழி உண்டு. அதன் உண்மையை அறிய வேண்டுமானால், தூரத்துக் கம்ப்யூட்டரில் வேலை செய்யும் ஒரு குமாஸ்தாவின் பக்கத்தில் சற்று நேரம் நின்றால் போதும். மேஜை மேல் பிரிண்டர் இருக்கிறது, காகிதம் இருக்கிறது, மையும் இருக்கிறது. பில்லுக்காக எதிரே ஆள் காத்திருக்கிறார். குமாஸ்தா கட்டளை போடுகிறார். பிரிண்டர் அசைய மாட்டேன் என்கிறது! அவர் உட்கார்ந்திருப்பது இங்கே. அவருடைய வேலை நடப்பதோ பல மைலுக்கு அப்பாலுள்ள ஸர்வரில். இப்படி ஒரு பிரிண்டர் இருப்பதே அந்த ஸர்வருக்குத் தெரியாது.

இந்த வேடிக்கைக்கு ஒரு சரித்திரம் உண்டு. பல பேர் தூரத்திலிருந்து ஒரே விண்டோஸ் ஸர்வரில் வேலை செய்யும் வித்தையை 1995-ல் சிட்ரிக்ஸ் கம்பெனி 'வின்ஃபிரேம்' என்ற பெயரில் விற்றது. 1997-ல் மைக்ரோஸாஃப்ட் அதற்கு உரிமை பெற்று, மறு வருஷம் என்.டி. 4.0 டெர்மினல் ஸர்வரை வெளியிட்டது. அதில் திரையும் விசைகளும் மௌஸும் தூரப் பயணம் செய்தன. பிரிண்டர் மட்டும் செய்யவில்லை. விண்டோஸ் 2000 வந்துதான் அந்தக் குறை தீர்ந்தது. குமாஸ்தாவின் பிரிண்டருக்கு ஒரு நிழலை ஸர்வர் தன்னிடம் உண்டாக்கி, அதில் விழுந்த பக்கங்களை இங்கே அனுப்பி வைத்தது.

ஆனால் நிழல் உண்டாக ஒரு நிபந்தனை. பிரிண்டரின் பாஷை அறிந்த துபாஷிக்கு 'டிரைவர்' என்று பெயர். (மோட்டார் ஓட்டுகிறவரை நினைத்துக் கொள்ள வேண்டாம்.) அந்த டிரைவர் இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும், பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒத்துவராவிட்டால், ஸர்வர் தன் குறிப்பேட்டில் 1111 என்ற எண்ணைப் போட்டு, இந்த டிரைவரை அறியேன் என்று எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடும். அங்கே இந்தப் பெயர் என்றால் இங்கே இந்தப் பெயர் என்று நிர்வாகிகள் ஒரு ஃபைலில் ஜோடி சேர்த்து வைக்க வேண்டியிருந்தது.

நெட்வொர்க் பிரிண்டரின் கதி இன்னும் மோசம். எல்.பி.டி., காம், யு.எஸ்.பி. என்று தொடங்கும் வாசல்களில் நின்ற பிரிண்டர்களையே அக்காலத்துக் கம்ப்யூட்டர் தன்னோடு அழைத்துச் சென்றது. ஐ.பி. விலாசத்தில் நின்றதற்கு அழைப்பே இல்லை. ரெஜிஸ்ட்ரியில் 'ஃபில்ட்டர் க்யூ டைப்' என்ற குறிப்பை எழுதிய பிறகே அதற்குக் கதவு திறந்தது.

இதற்காக ஸர்வரைக் கல்நெஞ்சன் என்று ஏசுவது நியாயமல்ல. என்.டி. 4.0-ல் டிரைவர் 'கெர்னல்' என்னும் கர்ப்பக்கிருகத்திலேயே நின்று வேலை செய்தது. அங்கே மட்டமான டிரைவர் ஒன்று இடறி விழுந்தால் ஸர்வர் முழுதும் நீலத் திரை காட்டி விழும். ஒருவர் பில் அச்சடிக்கப் போக, கூட இருந்த அத்தனை பேருடைய வேலையும் பாழாகும்! 2003-ம் வருஷத்து ஸர்வர் அத்தகைய டிரைவர்களை வாசலிலேயே நிறுத்தியது.

2008-ல் வந்த 'ஈஸி பிரிண்ட்' முறை வேறு வழியைக் கண்டது. ஸர்வர் பக்கத்தை எக்ஸ்.பி.எஸ். என்ற பொதுப் பாஷையில் எழுதி அனுப்பும். இங்குள்ள கம்ப்யூட்டர் அதைத் தன் டிரைவரிடம் கொடுத்து அச்சடித்துக் கொள்ளும். ஊர் ஊராகத் துபாஷிகளைச் சேர்த்து வைக்கும் தொல்லை ஸர்வருக்குக் குறைந்தது.

ஆயினும் சந்தேகம் ஓயவில்லை. 2021-ல் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற ஓட்டை வெளிப்பட்டது. டிரைவர் நிறுவும் வழியாகவே அந்நியர் புகுந்து கம்ப்யூட்டரை வசப்படுத்த முடிந்தது. அந்த ஆகஸ்டு முதல், நிர்வாகியின் அனுமதியின்றி டிரைவர் நிறுவ முடியாது என்று ஆயிற்று. எத்தனையோ ஆபீஸ்களில் நெட்வொர்க் பிரிண்டர்கள் மறுபடியும் மௌன விரதம் பூண்டன.

ஆகவே, அடுத்த முறை பிரிண்டர் அசையாவிட்டால் அதைத் தட்டிப் பயனில்லை. இணைப்புப் பெட்டியில் 'பிரிண்டர்ஸ்' என்ற இடத்தில் குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு, ஸர்வரின் குறிப்பேட்டில் 1111 இருக்கிறதா என்று நிர்வாகியைப் பார்க்கச் சொல்லுங்கள். பாவம், பிரிண்டர் ஒரு குற்றமும் செய்யவில்லை. அதை இன்னும் யாரும் ஸர்வருக்கு அறிமுகம் செய்து வைக்கவில்லை, அவ்வளவுதான்!