எண்ணெய் அழுத்தப் பாதுகாப்பு சுவிட்ச்

குளிர்பதன கம்ப்ரசரில் மசகெண்ணெய் போதாதபோது மோட்டாரை நிறுத்தும் கருவி. சிலாங்கூரின் டெங்கில் போன்ற, ஆண்டு முழுதும் வெக்கை தணியாத ஊர்களில் குளிர் அறைகளுக்கு ஓய்வில்லை. அங்கே இதன் பொறுப்பு பெரிது. எண்ணெய் பம்பின் அழுத்தத்திலிருந்து கிராங்க்கேஸ் அழுத்தத்தைக் கழித்த நிகர அளவையே இது பார்க்கிறது. பல மாடல்களில் அது சுமார் 9 பிஎஸ்ஐக்குக் கீழே 120 நொடி நீடித்தால் மின்சாரம் துண்டிக்கப்படும். தொடக்கத்தில் அழுத்தம் எழ அவகாசம் தரவே இந்தத் தாமதம்.

கம்ப்ரசரிலிருந்து குளிர்பதன வாயுவோடு சிறிது எண்ணெய் எப்போதும் வெளியேறும். அது திரும்பிவர, மேலேறும் உறிஞ்சுகுழாயில் வாயு நொடிக்குச் சுமார் 5 மீட்டராவது விரைய வேண்டும். குழாய் அளவுக்கு மீறிப் பருத்திருந்தாலோ சுமை குறைந்தாலோ எண்ணெய் ஆவியாக்கியிலேயே தங்கிவிடும். அதனால் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தினால், பழுது சுவிட்சில் இல்லாமல் குழாயில் இருக்கலாம். காரணம் காணாமல் சுவிட்சின் ரீசெட் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தாதீர்கள்.