பிரிண்டருக்குள் இருந்த பட்டறை

பழைய பிரிண்டரைப் பிரித்து வீட்டிலேயே சிஎன்சி (எண்களால் கட்டுப்படும்) இயந்திரம் செய்வதை வெறும் விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பிரிண்டரும் சிஎன்சி இயந்திரமும் ஒரே வம்சம். ஹெலிகாப்டர் சுழலிறகின் வளைவைத் துல்லியமாக வெட்ட வழி தேடிய ஜான் பார்சன்ஸ், அந்த வளைவை எண்களாகப் பிரித்தார். அமெரிக்க விமானப்படையின் பணத்தில், எம்ஐடி ஆய்வுக்கூடம் 1952இல் துளையிட்ட நாடாவைப் படித்து மூன்று அச்சுகளில் நகரும் மில்லிங் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியது. 1959இல் வந்த கால்காம்ப் 565 வரைபொறி அதே எண்களின் ஆட்சியைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தது: உருளை காகிதத்தை முன்னும் பின்னும் உருட்ட, பேனா இடவலமாக ஓடியது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் உடலும் ஏறக்குறைய இதுதான். ஸ்டெப்பர் மோட்டார், பல் பெல்ட், எஃகுத் தண்டு எல்லாம் உள்ளேயே உண்டு. இல்லாதவை மூன்றாவது அச்சும், நம் சொல் கேட்கும் மூளையும்தான். கணினியின் பேரலல் போர்ட்டால் சிலர் முன்பே சமாளித்தார்கள். 2005இல் ஆர்டுயினோ பலகையும் 2009இல் அதில் ஓடி ஸ்டெப்பர்களை நகர்த்தும் ஜிஆர்பிஎல் மென்பொருளும் வந்தபின் அந்த மூளை மலிவானது.

பிரிண்டரின் மெல்லிய சட்டம் இரும்பை வெட்டுமா என்று கேட்பது நியாயம்தான். வெட்டாது. பேனா வரையவும் சிறு லேசர் கீறவும் அது போதும். பெரும்பாலும் அதற்காகத்தான் செய்கிறார்கள். இன்னும் கனமான ஆட்சேபம், அண்மைய இன்க்ஜெட்களில் பல ஸ்டெப்பரை விட்டு, டிசி மோட்டாருக்கும் நுண்கோடிட்ட பிளாஸ்டிக் பட்டைக்கும் மாறிவிட்டன என்பது. ஜிஆர்பிஎல் அவற்றை நேரடியாக ஓட்டாது. வேடிக்கை என்னவென்றால், தலை நிற்கும் இடத்தை அளந்து திருத்திக்கொள்ளும் அந்த முறைதான், தன் நிலையை அளந்தே நகர்ந்த 1952 இயந்திரத்துக்கு நெருங்கிய உறவு.