தீப்பெட்டித் தொழிலும் கரிசல் நிலத்துக் கைவேலையும்

நிலத்திற்கும் தொழிலுக்கும் உள்ள இயைபினைத் தமிழ் நூலோர் கருப்பொருள் என்னும் வகையால் வகுத்துரைத்தனர். கருப்பொருள்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் கூறும் 'செய்தி' என்பதற்குத் தொழில் என உரையாசிரியர் பொருள் கொள்வர். ஒரு நிலத்தில் விளைவதும் கிடைப்பதும் கொண்டே அந்நிலத்துத் தொழில் அமையும் என்பது இவ்வகுப்பின் உட்கிடை. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் பகுதியில் நூறாண்டாக வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலோ இவ்விதிக்குள் அடங்குவதன்று. குச்சிக்குரிய மரம் கேரளத்திலிருந்து வருவது. பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும் மெழுகும் வெளியூர் ஆலைகளில் பிறப்பன. இந்நிலம் நல்கியவை இரண்டே: மருந்திட்ட குச்சி உலர்தற்கேற்ற வெயில் ஒன்று, மழை பொய்த்த நாளில் வேலையற்றிருந்த கைகள் மற்றொன்று. அக்கைகளின் உழைப்பை வரிச்சட்டமும் இயந்திரமும் எவ்வாறு அளந்தன என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கோவில்பட்டிக்குத் தெற்கே திருநெல்வேலிச் சாலையை ஒட்டி அமைந்த இடைசெவல், இலக்கிய மாணவர்க்கு அறிமுகம் வேண்டாத ஊர். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923-இல் அவ்வூரிற் பிறந்தனர். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விதைக்கும் மானாவாரி நிலம் அது. விதைப்புக்கும் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் இடையே நெடுநாள் வேலை இராது. மழை தவறிய ஆண்டில் வேலையே இராது. அவ்விருவரும் பிறந்த அதே ஆண்டில், வடக்கே சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது தற்செயலே எனினும் நினைவிற் கொள்ளத்தக்கது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று இத்தொழிலைக் கற்று மீண்டனர். தொடக்கத்தில் செருமனியிலிருந்து இயந்திரம் வருவித்தனர் என்பர், நிலைத்ததோ கைவேலையே. அங்கிருந்து சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் எனத் தொழில் பரவிற்று.

சுவீடன் நாட்டு முதலீட்டாளரும் அக்காலத்தேதான் இந்தியாவிற் காலூன்றினர். 1922-இல் இறக்குமதித் தீர்வை உயர்ந்தமையால், கப்பலில் தீப்பெட்டி அனுப்புவதைவிட இங்கேயே ஆலை நிறுவுதல் அவர்க்கு ஊதியமாயிற்று. அவ்வாறு எழுந்த விம்கோ நிறுவனம் முற்றும் இயந்திரத்தால் இயங்கியது. பேராலையோடு கைத்தொழில் எதிர்நிற்க இயன்றது எவ்வாறு? கூலியின் குறைவு ஒரு காரணம். மற்றொரு காரணம் வரியாகும். 1934-ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டிக்கு உள்நாட்டுத் தீர்வை விதித்தது. விடுதலைக்குப் பின் ஆலைகளை அவற்றின் உற்பத்தி அளவால் வகுத்துச் சிறியவற்றிற்குக் குறைந்த தீர்வை விதிக்கும் முறை வலுப்பெற்றது. அதன் பயன் யாதெனின், பெரிதாக வளர்வதைக் காட்டிலும் சிறிதாகப் பிரிந்து நிற்பதே முதலாளிக்கு ஆதாயம் என்றாயிற்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் இப்போக்கிற்குத் துணைநின்றது. மின்விசை இல்லாத பட்டறையில் இருபதுபேர்க்குக் குறைந்து பணிபுரியின் அச்சட்டம் பொதுவாகத் தீண்டாதிருந்தது. எனவே சிற்றூர்தோறும் கூரைக் கொட்டகைகள் தோன்றின. அவற்றை மக்கள் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றனர். மேசையும் எழுதுகோலும் காணாத இடத்திற்கு இப்பெயர் வந்தது வியப்பே. நாட்கூலிக்குக் களையெடுப்பதினும் கூரைக்கீழ் அமர்ந்து செய்யும் வேலைக்கு ஊரார் தந்த மதிப்பு அச்சொல்லில் ஒளிந்துள்ளது என்பது என் கருத்து.

பின்னாளில் மத்திய ஆயத்தீர்வை அறிவிக்கைகள் கைவேலைக்கு வகுத்த இலக்கணம் ஆழ்ந்து நோக்குதற்குரியது. குச்சிகளைக் கட்டையில் அடுக்குதல், மருந்தில் முக்குதல், பெட்டியில் நிரப்புதல், தாள் ஒட்டுதல், கட்டி அடைத்தல் என்னும் ஐந்து வினைகளுள் எதுவும் மின்விசையால் நிகழாதாயின் அது கைவேலைத் தீப்பெட்டி, அதற்கே சலுகை. இப்பட்டியல் வரி அலுவலர்க்காக எழுதப்பட்டதாயினும், கரிசற் பெண்டிரின் ஒருநாள் உழைப்பைத் தொகுத்துரைக்கும் ஆவணமாகவும் விளங்குகிறது. ஐந்தனுள் மருந்து முக்குதல் ஒழிந்தவை பெரும்பாலும் பெண்டிரும் சிறுவரும் செய்தவை. குறையும் இங்கேயே உளது. சலுகை கைக்கு வழங்கப்பட்டது. கைக்குரிய கூலிக்கு அன்று. இயந்திரம் புகாதவாறு சட்டம் காத்தது. காக்கப்பட்டவள் எவ்வளவு பெறவேண்டும் என்று அச்சலுகை கேட்கவில்லை. 1948-ஆம் ஆண்டுக் குறைந்த அளவுக் கூலிச் சட்டம் துண்டுக்கூலிக்கும் இடம் வகுத்ததே. ஆயினும் எண்ணிக் கூலி பெறுபவள் விரைந்தால் மிகுதியும் அயர்ந்தால் குறைவும் பெறுவாள். தாயின் எண்ணிக்கையை உயர்த்த மகளின் சிறுவிரல்களும் சேர்ந்தன. விடியுமுன் ஊர்தோறும் வந்து சிறுவரை ஏற்றிச்சென்ற ஆலை வண்டிகளை இப்பகுதியில் முதியோர் பலரும் நினைவுகூர்வர். கரிசல் எழுத்தாளர் பூமணி 'கருவேலம்பூக்கள்' திரைப்படத்திற்கு இதனையே பொருளாக்கினார்.

1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி செய்தலைத் தடைசெய்த தொழில்களுள் வைத்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடத்தும் பட்டறைக்கு அத்தடை இல்லை என்றும் விலக்களித்தது. ஆலையினின்று நீங்கிய பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கு இடம்பெயர்தற்கு அவ்விலக்கு வழியமைத்தது. 1996 திசம்பர் 10-இல் உச்சநீதிமன்றம், எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறி வேலையில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் உரியவர் 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் ஆலைகளிற் சிறுவர் எண்ணிக்கை அருகிற்று. 2005-ஆம் ஆண்டு ஊரக வேலையுறுதிச் சட்டம் 2008 ஏப்ரலுக்குள் நாட்டின் ஊரகப் பகுதி முழுதும் விரிந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த கூலி தந்தது. சொந்த ஊரிலேயே வேறொரு கூலி உண்டென்றபோது துண்டுக்கூலியின் பிடி தளர்ந்தது. தடைச்சட்டங்கள் செய்தவற்றினும் இதன் விளைவு சிறிதன்று எனக் கருதுகிறேன்.

ஆலையுடையார் கூலியை உயர்த்தத் தயங்கியதற்குப் பேராசை மட்டுமே காரணம் எனல் முறையன்று. தீப்பெட்டியின் விலை நாணயத்தோடு கட்டுண்டது. ஐம்பது காசு, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என நாணயம் விட்டு நாணயம் தாவுமேயன்றி இடைநில்லாது. 2007-இல் ஒரு ரூபாயான விலை, 2021 திசம்பர் முதல்நாள் இரண்டு ரூபாயாகும் வரை பதினான்கு ஆண்டுகள் அசையவில்லை. இடையில் மெழுகும் பாஸ்பரசும் அட்டையும் ஏறின. விலையை உயர்த்த இயலாத முதலாளி ஆளைக் குறைத்தான். இயந்திரம் வாங்க வல்லவன் வாங்கினான்.

அதற்குத் தடையாய் நின்ற வரிவேலியும் வீழ்ந்தது. 2017 சூலையில் பொருள் சேவை வரி வந்தபோது கைவேலைத் தீப்பெட்டிக்கு 5 விழுக்காடும் ஏனையவற்றிற்கு 18 விழுக்காடும் விதிக்கப்பட்டன. 2020 ஏப்ரல் முதல்நாள் இரண்டும் ஒன்றாகி 12 விழுக்காடாயின. எது கைவேலை என்னும் வழக்காடல் ஓய்ந்தது உண்மையே. ஆயின் ஐந்து வினைகளை மின்விசையின்றிச் செய்தற்குக் கிடைத்த பயனும் உடன் ஓய்ந்தது. கையால் அடுக்கியவனும் பொறியால் அடுக்கியவனும் ஒரே வரி செலுத்தும் நிலையில், முன்னவன் எந்நாள்வரை நிற்பான்? போதாக்குறைக்கு வெளிநாட்டு நெகிழி எரியூட்டிகள் சந்தையை நிறைத்தன. இருபது ரூபாய்க்குக் குறைந்த எரியூட்டிகளின் இறக்குமதியை ஒன்றிய அரசு 2023 சூனில் தடைசெய்தது. அத்தடை கைவேலை, பொறிவேலை என்னும் வேறுபாடின்றி இரு திறத்தார்க்கும் ஒப்ப உதவுவது.

கட்டையில் அடுக்கும் பொறி வந்த ஆலையில் 'கட்டை' என்னும் சொல்லுக்கு வேலையில்லை. முக்குதல், ஒட்டுதல் முதலிய தொழிற்சொற்கள் பெரும்பாலும் ஐம்பது வயது கடந்த பெண்டிர் நாவில் உள்ளன. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி உழவர் வழக்கிற்குச் செய்த பணியைத் தீப்பெட்டி ஆபீஸின் வழக்கிற்கும் செய்வார் வேண்டும். ஒவ்வொரு சொல்லோடும் அவ்வேலைக்குக் கட்டை ஒன்றுக்கோ பெட்டி நூற்றுக்கோ எவ்வாண்டில் என்ன கூலி என்பதையும் அப்பெண்டிரைக் கேட்டுக் குறித்தல் இன்றியமையாதது.