கட்டிலின் மேலா, கீழா: புதுச்சத்திரம் வட்டாரத்தில் நாயின் இரவிடம்

நாயைப் படுக்கையில் ஏற்றலாமா என்று புதுச்சத்திரம் வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கு முன் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். தோட்டம் இருந்தால் நாயும் இருந்தது. படுக்கையறை என்று ஓர் அறை மட்டும் பெரும்பாலான வீடுகளில் கிடையாது. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் இருபுறமும் முட்டைக்கோழிப் பண்ணைகள் பெருகின. லாரித் தொழில் வளர்ந்தது. அந்த வருமானத்தில் ஓட்டு வீடுகள் மச்சு வீடுகளாயின. மெத்தைக் கட்டில் வந்தது, சில வீடுகளுக்கு ஏசியும் வந்தது. அதே கையோடு பொமரேனியனும் லாப்ரடாரும் வந்து சேர்ந்தன. இன்று ஒரே வீட்டில் நாட்டு நாய் கட்டுத்தரையில் சங்கிலியில் கிடக்கிறது, வாங்கி வந்த நாய் மெத்தையில் புரள்கிறது. கேள்வி இந்த இரண்டு நாய்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கப்பட வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய் மனிதன் தூங்கும் இடத்துக்கு அருகிலேயே தூங்க வேண்டும். ஆனால் அதே படுக்கையில் வேண்டாம். இந்த முடிவுக்குத் தீட்டு என்ற காரணம் தேவையில்லை. அந்தக் காரணம் தவறானது, தீங்கும் செய்வது. தூக்கம், வெக்கை, நோய் ஆகிய மூன்றும் தரும் காரணங்களே போதும். அவை சுட்டும் இடம் இந்த மண்ணுக்கு ஏற்கெனவே பழக்கமான இடம்.

கொல்லிமலைக்கு மேற்கே விரியும் இந்தச் சமவெளி மேட்டுக்காடு. நிலக்கடலை, சோளம், மரவள்ளி, ஆடு, மாடு என்பது இதன் பழைய வாழ்வு. கடலை பிடுங்கிக் களத்தில் கிடக்கும் நாட்களில் வீட்டு ஆண்களில் ஒருவர் கயிற்றுக் கட்டிலைக் களத்துக்குத் தூக்கிப்போய் அங்கேயே படுப்பார். ஆட்டுப்பட்டி போட்டிருந்தால் பட்டிக்குப் பக்கத்தில் படுக்கை. இரண்டு இடத்திலும் நாய் கட்டிலுக்கு அடியில் படுத்தது. பனிக்கு மேலே ஆள் மறைப்பு, கீழே கட்டிலின் நிழலில் ஆறிய மண். திருடனோ நரியோ வந்தால் நாய் எழுந்து குரைக்கும். கட்டிலில் படுத்திருப்பவர் தடியையோ டார்ச்சையோ எடுப்பார். காவல் என்ற ஒரே வேலையை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். வீட்டுக்குள் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு நாய் வாசலில் அல்லது திண்ணைக்குக் கீழே. பாயை விடிந்ததும் சுருட்டி மூலையில் சாத்தினார்கள். அதன்மேல் நாய் பகலில் ஏறிப் படுக்க வழியே இல்லாமல் போனது. மெத்தைக் கட்டில் பகலிலும் விரித்தபடி கிடக்கிறது. நாய் மெத்தைக்கு வந்ததற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. சுருட்டமுடியாத படுக்கையும் ஒரு காரணம் என்பது கவனிக்க வேண்டியது.

இனி தீட்டு. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று தொடங்கும் பழமொழியைத் தமிழ்நாட்டில் கேட்காதவர் இல்லை. அதை நாயைப் பார்த்துச் சொன்னவர்களைவிட மனிதரைப் பார்த்துச் சொன்னவர்களே அதிகம். தனக்கு விதிக்கப்படாத இடத்துக்கு வந்துவிட்ட ஒருவரை, படித்துவிட்ட ஒருவரை, நடுவீட்டில் உட்காரவைக்கப்பட்ட ஒருவரை இழிவுபடுத்தவே அது பயன்பட்டுவந்திருக்கிறது. நடுவீடு யாருக்கு உரியது, வாசல் யாருக்கு உரியது என்ற பிரிவினையில் நாயும் ஓர் அளவுகோலாக வைக்கப்பட்டது. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நாயின் படுக்கையைத் தீர்மானிப்பதை நான் ஏற்கவில்லை. மனிதருக்கு எதிராகச் செய்யப்பட்ட ஒரு கருவியை விலங்கு பற்றிய அறிவு என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

தமிழ் மரபு முழுவதும் அப்படிப் பேசவும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறுப்பூசலில், அதாவது கால்நடைகளுக்காக நடந்த சண்டையில், இறந்த வீரனோடு கோவிவன் என்ற அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துவிட்டு அந்த நாய் காத்து நின்றதைக் கல்வெட்டு பெயர்சொல்லிப் பதிகிறது. பெயரில்லாமல் செத்துப்போன மனிதர் எத்தனையோ பேர் இருந்த காலத்தில் ஒரு நாயின் பெயர் 7ஆம் நூற்றாண்டிலிருந்து நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நாலடியார் நட்புக்கு யானையைவிட நாயை மேலாக வைக்கிறது. சிவன் கோயில்களில் பைரவருக்குப் பின்னால் நிற்கும் நாய்க்கும் சேர்த்துத்தான் தீபாராதனை காட்டப்படுகிறது.

தீட்டின் உண்மையான தீங்கு வேறு ஒன்று. தொடாமல் வளர்க்கப்படும் நாயின் உடம்பை யாரும் பார்ப்பதில்லை. காதுமடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி அடர்ந்து கிடப்பது தெரிவதில்லை. குட்டியில் வெறிநாய்த் தடுப்பூசி போடப்பட்டதா என்பது நினைவில் இருப்பதில்லை. வாசலுக்கு வெளியே சங்கிலியில் கிடக்கும் நாயால் வீட்டுக்கு வரக்கூடிய நோய், மெத்தையில் படுக்கும் நாயால் வருவதைவிடக் கூடுதலாக இருக்க முடியும். படுக்கையில் ஏற்றாதே என்று சொல்பவர்கள் பலரும் இதை எண்ணிப்பார்ப்பதில்லை.

தூக்கத்தைப் பார்ப்போம். நாய் மனிதனைப் போல ஒரே மூச்சாகத் தூங்குவதில்லை. ஆடம்ஸ், ஜான்சன் என்ற இரு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நாய்களை இரவில் கவனித்து 1993இல் வெளியிட்ட ஆய்வில், 8 மணி நேரத்தில் நாய் சராசரியாக 23 முறை தூங்கி விழிப்பதாகக் கண்டார்கள். சுமார் 16 நிமிடம் தூக்கம், 5 நிமிடம் விழிப்பு. காவல் காக்கும் விலங்குக்குப் பொருத்தமான தூக்கம் இது. ஆனால் ஒவ்வொரு விழிப்பிலும் அது எழுந்து, சுற்றி, சொறிந்து, மறுபடி படுக்கிறது. அது மண்ணில் நடந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியாது. ஸ்பிரிங் மெத்தையில் நடந்தால் தெரியும். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் அரிசோனா மையம் 40 பேரையும் அவர்களுடைய நாய்களையும் ஏழு இரவுகள் அசைவுமானி கட்டி ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டது. படுக்கையில் கழிந்த நேரத்தில் உண்மையாகத் தூங்கிய பங்கு, நாய் அறைக்குள் இருந்தபோது 83 விழுக்காடாகவும் நாய் படுக்கையில் இருந்தபோது 80 விழுக்காடாகவும் இருந்தது. நாயை அறைக்கு வெளியே துரத்த வேண்டிய தேவை இல்லை, படுக்கையிலிருந்து இறக்கினால் போதும் என்பதே அதன் பொருள். 3 விழுக்காடு சிறியதுதான். ஆனால் பண்ணையில் விடியுமுன் தீவனம் போட எழுபவருக்கும் பால் கறக்க எழுபவருக்கும் அந்தத் துண்டு தூக்கம் சிறியதில்லை.

வெக்கையைப் பற்றிக் குளிர்நாட்டு நூல்கள் நமக்கு உதவமாட்டா. அங்கே நாய் படுக்கையில் ஏறினால் இருவருக்கும் கதகதப்பு. நாயின் உடம்புச் சூடு மனிதனுடையதைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதல். சித்திரை, வைகாசியில் ராத்திரியும் காங்கிரீட் கூரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும் நாமக்கல் வீட்டில் அந்தக் கதகதப்பு சுமை. நாய்க்கு உடம்பு முழுவதும் வேர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். தெருநாய் வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணைப் பறித்துப் படுப்பதும், வீட்டு நாய் சிமெண்டுத் தரையில் வயிறு பதியப் படுப்பதும் அதற்காகத்தான். இலவம்பஞ்சு மெத்தைமேல் அடர்ந்த மயிர்கொண்ட நாயைப் படுக்கவைப்பது நம் விருப்பம். அதன் உடம்பு கேட்பது தரை. ஏசி உள்ள அறையில் இது பொருந்தாது என்பார்கள். உண்மைதான், மின்சாரம் இருக்கும்வரை.

நோய் என்ற காரணத்தைத்தான் எல்லாரும் முதலில் சொல்கிறார்கள். அதிலேயே தவறும் அதிகம். ப்ரூனோ சோமெல், பென் சன் என்ற இருவர் படுக்கையறை வழியாக விலங்கிலிருந்து மனிதருக்கு வரும் நோய்களைத் தொகுத்து 2011இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். ஆபத்து உண்டு, ஆனால் அரிது என்பதே அவர்களுடைய முடிவு. இங்கே அதை இடத்துக்கேற்பப் பிரித்துப் பார்க்க வேண்டும். குடற்புழுக்களைப் பொறுத்தவரை ஆபத்தான இடம் படுக்கையைவிட முற்றமே. கொக்கிப்புழுவின் இளம்புழு மண்ணில் வளர்ந்து வெறுங்கால் வழியாக ஏறுகிறது. நாயின் உருண்டைப் புழு முட்டை மண்ணில் சில வாரங்கள் கிடந்த பிறகே தொற்றும் நிலைக்கு வருகிறது. நாயைப் படுக்கையிலிருந்து இறக்கிவிட்டு, அது மலம் கழிக்கும் மணலில் குழந்தையை விளையாட விட்டால் பயன் ஏதுமில்லை.

உண்ணியின் கதை வேறு. இந்தச் சமவெளியின் நாய்களில் சாதாரணமாகக் காணப்படும் பழுப்பு உண்ணி தன் வாழ்நாள் முழுவதும் நாய்மேல் இருப்பதில்லை. இரத்தம் குடித்ததும் இறங்கி, சுவர் விரிசலிலும் கட்டில் சட்டத்திலும் மெத்தைத் தையலிலும் ஒளிந்து தோலுரித்து மறுபடி ஏறுகிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது இறங்கும் இடம் படுக்கையாக இருந்தால் அங்கேயே குடும்பம் பெருகும். மனித இரத்தத்தை அது விரும்புவதில்லை என்றாலும் பெருத்துவிட்ட வீட்டில் மனிதரையும் கடிக்கும். உண்ணிக் காய்ச்சல் வர அது ஒரு வழி. நாயின் சாக்கை வெயிலில் உதறிப் போடுவதும் கொதிநீரில் அலசுவதும் எளிது. மெத்தையைக் கொதிநீரில் போட முடியாது.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒன்று கோழிப்பண்ணை. செத்த கோழியை ஆழக்குழியில் புதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும். அது ஒழுங்காக நடக்காத இடத்தை நாய்தான் முதலில் கண்டுபிடிக்கும். கோழிக்கழிவைத் தின்ற நாய் சால்மோனெல்லா கிருமியை எந்த நோயும் காட்டாமல் வாரக்கணக்கில் மலத்தில் வெளியேற்றக்கூடும். பண்ணைப் பக்கம் உலவிவிட்டு வரும் நாய்க்கும், மாடியில் அடைந்தே கிடக்கும் நாய்க்கும் ஒரே விதியைச் சொல்ல முடியாது. முன்னதற்கு மெத்தை எந்த நிலையிலும் ஆகாது என்றே சொல்வேன்.

வெறிநாய்க்கடி நோயே எல்லாவற்றிலும் கொடியது. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. பக்கத்தில் படுப்பதால் அது வருவதில்லை. கடி, பிறாண்டல், புண்மேலும் உதட்டின்மேலும் கண்மேலும் படும் எச்சில் ஆகியவற்றால் வருகிறது. புண்ணுள்ள தோலை நாய் நக்கினாலே அது மிக உயர்ந்த ஆபத்து வகை என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. படுக்கைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இதுதான்: தூக்கத்தில் நடந்ததை யாரும் பார்ப்பதில்லை. முழங்கால் சிராய்ப்போடு தூங்கும் பிள்ளையை, தெருவிலிருந்து அதே பிள்ளை தூக்கிவந்து போர்வைக்குள் ஒளித்துவைத்த குட்டி நக்கியிருந்தால், காலையில் அதைச் சொல்ல ஆளில்லை. சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டிய புண் கழுவப்படாமல் போகும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டிய நாள் தவறிப்போகும். குட்டிக்கு மூன்று மாதத்தில் தடுப்பூசி போட்டு அது வேலை செய்யும்வரை குழந்தைகளின் படுக்கைக்கும் குட்டிக்கும் நடுவே ஒரு சாத்திய கதவு இருந்தாக வேண்டும். சின்னக் குழந்தைகளோடு எந்த நாயும் ஒரே படுக்கையில் வேண்டாம் என்பதற்குக் கூடுதல் காரணமும் உண்டு: தூக்கத்தில் கை கால் பட்டுத் திடுக்கிட்ட நாய் வாயை வைக்கும் இடம் பெரும்பாலும் குழந்தையின் முகம்.

எதிர்த்தரப்பில் வலுவான வாதங்கள் இரண்டு. சுவீடனில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வு, பிறந்த முதலாண்டில் நாயுள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு 13 விழுக்காடு குறைவு என்றது. ஆனால் அது வீட்டில் நாய் இருப்பதைப் பற்றிய ஆய்வு. படுக்கையில் இருப்பதைப் பற்றியதில்லை. இரண்டாவது வாதம் எனக்கு மிக நெருக்கமானது. கணவன் லாரியோடு வடக்கே போய் வாரக்கணக்கில் திரும்பாத வீட்டில் தனியே படுக்கும் பெண்ணும், பிள்ளைகள் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய்விட்ட தோட்டத்துச் சாளையில் தனியே கிடக்கும் முதியவரும், நாய் பக்கத்தில் மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டுத்தான் தூங்குகிறார்கள். அவர்களிடம் போய் நாயை வெளியே கட்டுங்கள் என்று சொல்வது கொடுமை. கட்டிலுக்கு அடியில் என்ற இடம் இவர்களுக்காகவே இருக்கிறது. மூச்சுச் சத்தம் கேட்கும், கையைத் தொங்கவிட்டால் தலை தட்டுப்படும், வாசலில் ஆள் நடமாடினால் நாய் மெத்தை மயக்கமில்லாமல் எழும். காவலும் துணையும் அங்கே குறைவதில்லை.

அது நடக்க வேண்டுமானால் கட்டிலுக்குக் கீழே இடம் வேண்டும். இப்போது விற்கும் கட்டில்களில் பல அடியில் பெட்டி வைத்து மூடியவை. நாய் மேலே ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்ட வீட்டில் தலைமாட்டுப் பக்கம் சுவரோரமாக ஒரு சணல்சாக்கை விரிக்கலாம். முடிவைக் குட்டி வீட்டுக்கு வந்த முதல் இரவிலேயே எடுக்க வேண்டும். ஒருநாள் ஏற்றி மறுநாள் அதட்டினால் நாய்க்குப் புரிவது அதட்டல் மட்டுமே. சாக்கை வாரம் ஒருமுறை வெயிலில் போட வேண்டும், காதையும் விரலிடுக்கையும் அன்றன்று தடவிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை தடுப்பூசிக்கும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மருந்துக்கும் கால்நடை மருந்தகம் போக வேண்டும். 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி நாமக்கல்லிலேயே இருக்கிறது. கட்டுத்தரையில் சங்கிலியில் கிடக்கும் நாட்டு நாய்க்கும் இவையெல்லாம் உண்டு. அதற்கும் ஒரு சாக்கு, அதற்கும் ஒரு கூரை, அதன் காதுக்குள்ளும் ஒரு கை.

ஏற்கெனவே பத்தாண்டு மெத்தையில் படுத்துப் பழகி, கண் மங்கி, மூட்டு பிடித்துப்போன கிழநாயை இந்தக் கட்டுரையைக் காட்டி இறக்கிவிட வேண்டியதில்லை. அந்த வீட்டில் சின்னக் குழந்தை இல்லை, தடுப்பூசி தவறவில்லை, உண்ணி இல்லை என்றால் அது அங்கேயே இருக்கட்டும். அடுத்து வரும் குட்டிக்குச் சாக்கை விரித்துக்கொள்ளலாம்.