ஐக்கிய அமெரிக்காவில் மதுவும் பொழுதுபோக்குப் படகோட்டமும்

ஐக்கிய அமெரிக்காவில் மது அருந்திய நிலையில் பொழுதுபோக்குப் படகைச் செலுத்துவது தண்டனைக்குரிய குற்றமாகும். இதற்கான சட்டங்கள் சாலைப் போக்குவரத்துச் சட்டங்களை ஒட்டி உருவானவை. படகு செலுத்துபவரை மட்டும் கட்டுப்படுத்தும் இம்முறை, உடன் செல்வோரின் உயிரைக் காக்கப் போதுமானதா என்பது இவ்வரலாற்றில் எழும் முக்கியமான கேள்வியாகும்.

பின்னணி

1940ஆம் ஆண்டின் மோட்டார் படகுச் சட்டம், படகைப் பொறுப்பின்றியும் கவனக்குறைவாகவும் செலுத்துவதைக் குற்றமாக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சொந்தப் படகு வைத்திருப்போர் பெருகினர். 1958ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார் படகுகளுக்குப் பதிவெண் முறையைக் கொண்டுவந்தது. 1971ஆம் ஆண்டின் கூட்டரசுப் படகுப் பாதுகாப்புச் சட்டம், படகுகளின் கட்டுமானத்துக்கும் பாதுகாப்புக் கருவிகளுக்கும் தரம் வகுக்க வழிசெய்தது. 1983இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பொழுதுபோக்குப் படகுகளில் மது அருந்துவது குறித்துத் தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டது.

கூட்டரசுச் சட்டம்

1984இல் நாடாளுமன்றம் போதையில் படகு செலுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது. இதற்கான விதிகளைக் கடலோரக் காவல்படை வகுத்தது. அவை 1988 சனவரியில் நடைமுறைக்கு வந்தன. பொழுதுபோக்குப் படகு செலுத்துவோருக்கு இரத்தத்தில் ஆல்ககால் வரம்பு 0.10 விழுக்காடு எனவும், வணிகக் கப்பல்களில் பணிபுரிவோருக்கு 0.04 விழுக்காடு எனவும் வரையறுக்கப்பட்டது. அளவுச் சோதனை இல்லாவிட்டாலும், ஒருவரின் பேச்சு, நடை, நடத்தை ஆகியவற்றில் போதை வெளிப்பட்டால் அதையும் சான்றாகக் கொள்ளலாம். மாநிலம் தனக்கென வரம்பு வகுத்திருந்தால், அம்மாநில நீர்ப்பரப்பில் பொழுதுபோக்குப் படகுகளுக்கு அதுவே பொருந்தும்.

1993 மார்ச் 22 அன்று புளோரிடாவின் லிட்டில் லேக் நெல்லி ஏரியில், இருட்டிய பின் வேகமாகச் சென்ற படகு ஒன்று படகுத்துறையில் மோதியது. கிளீவ்லாந்து அணியின் பேசுபால் வீரர்கள் இருவர் உயிரிழந்தனர். மூன்றாமவர் காயத்துடன் தப்பினார். படகைச் செலுத்தியவரின் இரத்தத்தில் ஆல்ககால் 0.14 விழுக்காடு இருந்தது. இவ்விபத்து நாடு முழுவதும் கவனம் பெற்றது. 2001இல் பொழுதுபோக்குப் படகுகளுக்கான கூட்டரசு வரம்பு 0.08 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

சாலையும் நீரும்

வெயில், காற்று, இயந்திர இரைச்சல், அலையின் ஆட்டம் ஆகியவை படகில் இருப்போரைச் சோர்வடையச் செய்கின்றன. மது இச்சோர்வை மேலும் கூட்டுகிறது. படகிலிருந்து இறங்கியவர் மது அருந்தாவிட்டாலும் சிறிது நேரம் தள்ளாடக்கூடும். எனவே சாலையில் செய்வதுபோல நேர்கோட்டில் நடக்கவைத்துச் சோதிப்பது இங்குப் பொருந்தாது. இதனால் உட்கார்ந்த நிலையில் செய்யும் சோதனைகள் உருவாக்கப்பட்டன.

பெரும்பாலான மாநிலங்களில் பயணிகள் படகில் மது அருந்துவது குற்றமன்று. ஆனால் 2001 திசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. மேரிலாந்து, வட கரோலினா மாநிலங்களில் 1990 முதல் 1998 வரை படகுப் பயணத்தில் இறந்த 221 பேரைப் பற்றிய ஆய்வு அது. இரத்தத்தில் ஆல்ககால் 0.01 விழுக்காடாக இருக்கும்போதே இறப்பு அபாயம் சற்று உயர்வதும், 0.25 விழுக்காட்டில் அது ஏறத்தாழ 52 மடங்காவதும் தெரியவந்தது. செலுத்துபவர், பயணி இருவருக்கும் அபாயம் ஒத்திருந்தது. படகு ஓடினாலும் நின்றாலும் வேறுபாடில்லை. காரில் குடித்த பயணி இருக்கையில் இருக்கிறார். படகில் குடித்தவரோ எழுந்து நடக்கையில் கால் இடறி நீரில் விழலாம்.

தற்போதைய நிலை

2009 முதல் ஆண்டுதோறும் சூலை 4 விடுதலை நாளையொட்டி 'ஆப்பரேசன் டிரை வாட்டர்' என்னும் சோதனை, விழிப்புணர்வு இயக்கம் நடைபெறுகிறது. கடலோரக் காவல்படையின் 2023ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி, பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தனர். உயிரிழப்பு விபத்துகளில் அறியப்பட்ட காரணங்களுள் மதுவே முதலிடம் பெற்றது; அதனால் இறந்தோர் 79 பேர். இறப்புக் காரணம் தெரிந்தவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் நீரில் மூழ்கியவர்கள். அவ்வாறு மூழ்கியவர்களுள் 87 விழுக்காட்டினர் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. சட்டம் செலுத்துபவரின் கையைத் தடுக்கிறது. பயணியின் பாதுகாப்பு, அவர் குடிக்காதிருப்பதையும் அங்கி அணிவதையும் பொறுத்தே அமைகிறது.